சனிக்கிழமைச் சந்தை, டார்வின்

காலை எட்டுக்கே தகரக்கூரை கொதிக்கிறது.
வருகிறேன் வருகிறேன் என்று
மூன்று வாரமாய் மிரட்டும் மழை.
இந்தப் புழுக்கத்தில் லக்சா வேறு.

கூச்சிங்கிலிருந்து வந்த திருமதி போங்
கரண்டியால் பானை விளிம்பைத் தட்டி
எண்ணைக் கூவுகிறாள்: நாற்பத்தொன்று!
துறைமுக இரவுப் பணியின் அழுக்குச் சட்டையோடு
நான், நாற்பத்தாறு.

வேறு இடமில்லாமல்
என் மேசைக்கே வந்தார்கள் இருவரும்.
உப்பை இப்படித் தள்ளுங்கள் என்கிற குரலில்
செவஸ்தி சொன்னாள்:
நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டோம்,
வீடு எனக்கு, படகு டெஸ்மண்டுக்கு,
நாய் மாதம் விட்டு மாதம்.

சனிக்கிழமையைப் பற்றி
எந்தத் தாளிலும் எழுதவில்லை போலும்.

ஒரே தட்டில் வந்தன
அவளுக்கு லக்சா,
அவனுக்கு வறுத்த நூடுல்ஸ், முட்டை கூடுதலாய்.
யாரும் கேட்கவில்லை.
திருமதி போங்கிடம் யார் போய்ச் சொல்வது?

சிவந்த எண்ணெய் மிதக்கும் தேங்காய்ப்பால் குழம்பில்
அவள் குனிந்தாள்.
தோஃபுவைக் கடித்ததும் உள்ளிருந்த சூடு பீறிட,
மூக்கு ஒழுகியது.
மிளகாய்தான் என்றாள், நான் கேட்காமலே.

சிப்பி அவனுக்கு ஆகாது.
வழக்கம்போல் ஒன்றைப் பொறுக்கி
அவள் கிண்ணத்துக்கு நீட்டியவன்
பாதிவழியில் நின்றுவிட்டான்.
குச்சி நுனியில் சிப்பி.
மேசையில் சொட்டுகிறது சோயா.

அவள் நிமிரவில்லை.
கிண்ணத்தை மட்டும்
ஒரு விரற்கடை நகர்த்தினாள்
அவன் பக்கம்.

நாற்பத்தாறு!
நாற்பத்தாறு, காது கேட்கவில்லையா!

மூன்றாம் முறை கூவிய பிறகுதான்
எனக்கு உறைத்தது.