ஒரே செடிக்கு நான்கு பில்

லாஸ்பேட்டையில்
பச்சை வலை கட்டிய நர்சரி.
பில் போடுவது நான்.
தண்ணீர் விடுவதும் நான்,
முதலாளி இல்லாத பகல்களில்
முதலாளியும்.

மூன்றாம் வரிசையில் முப்பது கறுப்புப் பை.
முப்பதிலும் ஒரே செடி.
விதை தூவியவளுக்குத் தெரியாதா?

வில்லியனூர் குஞ்சிதபாதம்
திங்களுக்கு முந்தின நாளே வந்துவிடுவார்.
திருநீற்றுப்பச்சை என்று முழுப்பெயரும் சொல்லுவார்.
"முகர்ந்துடாதம்மா,
முகர்ந்தது சாமிக்கு ஆகாது."
செடியிடம் யார் சொல்வது?
ஹோஸைத் திருப்பினாலே
வாசனை எழுந்து வந்து
என் மூக்கில் உட்கார்ந்துகொள்கிறது.

முல்லா வீதி ஷேக் தாவூது
ரைஹான் இருக்கா என்றார்.
வேதத்தில் வரும் பெயராம்.
மனைவி போய் நாற்பதாம் நாள்.
"வேரோட குடும்மா,
வெட்டின பூ அவளுக்குப் பிடிக்காது."
சில்லறை வாங்க மறந்து போனார்.
பதினேழு ரூபாய்
இன்னும் டப்பாவில் தனியாக இருக்கிறது.

தெஸ்பினா ஆரோவில்லிலிருந்து மொபெட்டில் வருவாள்.
அவள் ஊரில் இதற்கு வசிலிகோ.
மண்ணுக்குள் கிடந்த சிலுவையை
மேலே முளைத்துக் காட்டிக்கொடுத்ததாம்.
பாதிரியார் இதன் கொத்தால்தான்
தீர்த்தம் தெளிப்பார்.
ஆகவே தின்ன மாட்டாள்.
புருஷன் இத்தாலிக்காரன்,
ரொட்டியில் போட்டுச் சுட்டுத் தின்கிறான்.
அதனால் எப்போதும் இரண்டு தொட்டி,
ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று அடுப்படிக்கு.
மாறிவிடக் கூடாது என்று
ஒன்றில் சிவப்பு நூல் கட்டித் தரச் சொல்வாள்.
எதில் கட்டினேன் என்று
எனக்கே சில நாள் சந்தேகம்.

தாகூர் காலேஜ் பெண்ணுக்குச் செடி வேண்டாம்,
பத்து இலை போதும்.
வசம்பு சேர்த்து அரைத்துப்
பருவில் பூசணுமாம்.
வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.
நால்வரில் இவள் வேண்டுதலுக்குத்தான்
தேதி இருந்தது.

மார்ச்சில் கணக்குப் பார்த்த ஞானப்பிரகாசம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ரைஹான் வித்திருக்கு, வாங்கினதா இல்ல.
வசிலிகோ வித்திருக்கு, அதுவும் இல்ல.
பத்து இலைக்கு எதுக்கும்மா ஒரு பில்?"
மூன்றாம் வரிசைக்குக் கூட்டிப் போனேன்.
குனிந்து ஒரு காம்பை ஒடித்தார்.
முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.
அப்புறம் நான்கையும் அடித்துவிட்டு
மேலே எழுதினார்:
இதர வகை.

பூ விட்டால் விதை, விதைத்தால் காய்ந்துபோகும்.
அதனால் தினமும் மாலை
முப்பது தலையிலும் பூங்கொத்தைக் கிள்ளிவிட வேண்டும்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஒன்றை மட்டும்
கிள்ளுவதில்லை.
அடுத்த முப்பதுக்கு விதை வேண்டாமா?

ஆறு மணி முருங்கப்பாக்கம் பஸ்.
கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
முன் சீட்டுக்காரம்மா திரும்பி,
"கோயிலுக்குப் போய்ட்டு வரியா?"
பக்கத்தில் நின்றவர் தணிந்த குரலில்,
"யாரும்மா தவறிட்டாங்க?"

கை கழுவலை, என்றேன்.