நாற்பத்தேழு

ஐஸ்பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.
தன்னாமுனை தாண்டியதும் கொண்டக்டர் குனிந்து கேட்டான்:
"என்ன மிஸ், றாலா?"
ஓம் என்றேன்.
நெல்மணியளவில் ஆறு துண்டு மனிதத் தோல் என்று
நெரிசல் பஸ்ஸில் எப்படிச் சொல்வது.

தோலுக்கு உரியவ விஜிதமலர்,
களுவாஞ்சிகுடிச் சந்தையில் கருவாடு விற்கிறவ.
முழங்கையில் செதில் செதிலாய்ச் சிவப்பு.
களிம்பு பூச மாறும். மறுகா
விட்ட இடத்திலேயே வரும்,
ஓரம் ஒரு நூலும் பிசகாமல்.
"எனக்குத்தான் மறதி, இந்தக் கைக்கு இல்ல"
சம்மதத் தாளில் ஒப்பம் வைத்தபடி சொன்னா.

மெய்தான். மேற்தோலின் அடுக்குக்குள்
சில கலங்கள் குடியிருக்கின்றன,
இரத்தத்துக்குத் திரும்பாதவை.
எப்போதோ முடிந்த சண்டைக்கு
இன்னும் சென்றி நிற்பவை.
பக்கத்துத் தோற்கலம் ஒரு புரதத்தை நீட்டி
அவற்றின் சட்டையைப் பிடித்திருக்கிறது:
போகாதே, நில்.

பிடித்திருக்கும் அந்தக் கையில் ஒரு குழி.
திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றி
இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன்.
என் உள்ளங்கையை அவ்வளவு பார்த்ததில்லை.

குழிக்குள் போய் இருக்க ஒன்றைக் கட்ட வேண்டும்.
வளையத்தைத் திருப்பு. புளோரினைக் கூட்டு.
ஒற்றை ஐதரசன் பிணைப்புக்காக
ஒட்சிசனை இடம் மாற்று.
பன்னிரண்டாவது பொருந்தியது, நீரில் கரையவில்லை.
இருபத்தொன்பது கரைந்தது, ஈரற் கலங்களைக் கொன்றது.
முப்பத்தாறை வரையும்போது கரண்ட் போனது;
ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்க
நிதிப்பிரிவில் மூன்று கையெழுத்து.

நாற்பத்தேழுக்குக் கோகுலதாசன்
இரவு ஒன்றரைக்குக் கோல் எடுத்தான்.
"மிஸ், பிடிக்குது! இறுக்கிப் பிடிக்குது!"
அவன் கத்தலில் வந்தாறுமூலை நாய்களெல்லாம் எழும்பின.

ஆறு தட்டில் ஐந்தில் சென்றி கலைந்தது.
மூன்றாம் நாள், கலைந்த தட்டுகளில்
அக்கி வைரசை விட்டுப் பார்த்தோம்.
தடுக்க ஒருவரும் வரவில்லை.
கலம் கலமாய், அவசரமே இல்லாமல்
உள்ளே நடந்தது அது.

காவல் எப்போது போகும் என்று
இந்த ஊரில் கேட்காதவர் இல்லை.
எந்தக் காவல், எவ்வளவு நேரத்துக்கு
என்று கேட்க
நாற்பத்தேழுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாற்பத்தெட்டில் ஓர் எஸ்தர் பிணைப்பு வைத்திருக்கிறேன்.
படுக்கப்போகையில் பூசினால்
விடியுமுன் தோலே அதை வெட்டிப்போடும்.
பகலில் கை பழையபடி பிடிக்கலாம்.
வெட்டுமா என்று தெரியாது.
கணினிக்கும் தெரியாது, அது ஓம் என்கிறது.

இன்று மறுபடி கிளினிக்.
பெட்டிக்குள் நாலு துண்டு.
பெட்டிமேல் விஜிதமலர் திணித்துவிட்ட
கட்டாக் கருவாட்டுப் பை.

ஏறாவூர் வரைக்கும் பஸ்ஸில் முணுமுணுப்பு.
கொண்டக்டர் மூக்கைச் சுளித்தான்:
"இண்டைக்கி மணக்குது மிஸ்.
அண்டைக்கி கொண்டுபோனது என்ன றால்?"