கால்மாட்டில்

ஸ்டான்லியில் சேர்க்கும்போது பேர் கேட்டார்கள்.
இருதயராஜ் என்றேன்.
எழுதியவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு
மேலே எழுதினார்.

திரையை இழுத்துவிட்ட நர்ஸ்
என்னை வெளியே தள்ளவில்லை.
"பாத்துக்கினு நிப்பியாம்மா? தாங்குவியா?
அப்ப கால்மாட்டுல நில்லு.
குறுக்க மட்டும் வராத."

சட்டையைக் கத்தரித்தார்கள்.
போன கிறிஸ்துமஸுக்கு நான் தைத்தது.
பக்கத்துத் தையலோடு வெட்டியிருந்தால்
திரும்பச் சேர்த்துவிடலாமே என்று ஓடியது புத்தி.
வெட்கங்கெட்ட புத்தி.

ஸ்டூல் போட்டு ஏறிய டாக்டர் பெண்ணுக்கு
எங்கள் ரீத்தாவைவிட
இரண்டு வயது கூட இருந்தால் அதிகம்.
கை இரண்டையும் கோத்து
நடு நெஞ்சில் ஊன்றி அமுக்கினாள்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
பலூனை இரண்டு தரம் பிசைய
மறுபடி ஒன்று.
உள்ளே ஏதோ முறிந்தது.
எனக்குக் கேட்டது.
அவளுக்கும் கேட்டிருக்கும்,
நிறுத்தவில்லை.

எக்ஸ்போர்ட்டில் மணிக்கு எத்தனை காலர் என்று
எண்ணியே பழகிய வாய்
தானாகச் சேர்ந்துகொண்டது.
யாரும் அதட்டவில்லை.

பாதத்தைப் பிடித்திருந்தேன்.
பித்தவெடிப்புக்குள் பெரம்பூர் வீட்டு டிஸ்டெம்பர்,
இளம்பச்சை.
நேற்று ராத்திரி சண்டையே அதற்குத்தான்,
போர்வையெல்லாம் பெயின்ட் என்று.
நகத்தால் சுரண்டினேன்.
கொஞ்சம் வந்தது.

கால்சட்டைப் பையில் போன் அடித்தது.
மேஸ்திரியாக இருக்கும்.
அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

ஆள் மாற்றி ஆள் ஏறி இறங்கினார்கள்.
கையெடுத்துப் பார்க்கும்போதெல்லாம்
பெட்டியில் கோடு
கோடாகவே இருந்தது.
மறுபடி அந்தப் பெண்ணின் முறை.
மூக்கு நுனி வியர்வை அவர் மார்பில் சொட்ட,
முழங்கை நடுங்க,
பத்தொன்பது, இருபது.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் அவளைப் பார்த்தேன்.
"போதும் பாப்பா."
முதலில் அவளிடம்தான் சொன்னேன்.
அப்புறம், காலை விடாமல், அவரிடம்.

வெளியே கொழுந்தன் லூர்து கதவை அடிக்கிறான்.
"உள்ள என்னதான்யா பண்றீங்க?
சும்மா போட்டு வச்சிருக்கீங்களா?"

போய்ச் சொல்ல வேண்டும் அவனிடம்.
எண்பத்தாறு முப்பது, லூர்து.
ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்,
போன் அடித்தபோது.