ஆப்பு

காலை ஆறேகால் படகில் எட்டு வண்டிகள்.
ஏழாவதாக ஹால்டிஸின் சாப்,
அறுபத்து நாலாம் வருஷத்துப் பச்சை.
பின்சீட்டில் ஆட்டு மருந்து, அயோடின் வாடை.
பக்கத்து வரிசையில்
ஒட்முன்டின் மின்சார வண்டி,
வாங்கி மூன்று வாரம்.
கதவில் கைப்பிடிகூடத் தெரியாது,
உதட்டை உள்ளே மடித்துக்கொண்ட முகம்.

கைப்பிரேக் நிற்காது என்று அவள் சொல்ல வேண்டியதில்லை.
பிர்ச் கட்டையில் சீவிய ஆப்பை
நானே எடுத்து வருவேன்.
சக்கரத்துக்கு அடியில் செருகி
பூட்ஸால் ஒரு தட்டு.
அந்த வண்டியைப் பற்றிய என் அறிவு அவ்வளவுதான்.

மற்றதற்கு ஒன்றும் வேண்டாம்.
தன்னைத் தானே பூட்டிக்கொண்டு
பக்கக் கண்ணாடிகளை மடக்கித்
தூங்கிப்போனது.

ஃபியோர்டின் நடுவில் அலை படகைச் சாய்த்தது.
எவனோ தன்னைத் தூக்கிப் போகிறான் என்று
அலற ஆரம்பித்தது புது வண்டி.
மேல்தளத்திலிருந்து ஓடி வந்தார் ஒட்முன்ட்
கைபேசியை வானத்துக்குக் காட்டியபடி.
இரண்டு மலைக்கு நடுவே சிக்னல் ஏது?
கைப்பிடியோ உறைபனியில் ஒட்டிக்கொண்டு
வெளியே வர மாட்டேன் என்றது.
"கடல்தான், திருடன் இல்லை"
என்று வண்டியிடமே சொன்னார்.

ஹால்டிஸ் சிரிக்கவில்லை.
கதவில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து.
குட்டிகளை இழுத்தெடுத்துப் பழகிய கை.
பனி உதிர்ந்தது, கதவு திறந்தது,
அலறல் நின்றது.
எங்கள் படகும் இப்போது மின்சாரம்தான்.
திடீரென்று தண்ணீர் சத்தம் கேட்டது.

துறை வந்தது. ஆப்பை உருவினேன்.
சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல்.
மறுபடி. அதுவும் இல்லை.
பின்னால் ரொட்டி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
நாலு பேர் தள்ளினோம்,
ஐந்தாவதாக ஒட்முன்ட்
அலுவலகக் காலணியில் வழுக்கி வழுக்கி.
சரிவுப் பலகை தாண்டும்போது
பிடித்தது.
நீலப் புகை.
இப்போது இருமியது நாங்கள்.
நிறுத்தினால் அணைந்துவிடும்,
அதனால் நிறுத்தவில்லை அவள்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மட்டும்,
நன்றியோ, வழிவிடு என்றோ.

ஒட்முன்ட் தன் கையுறையை மோந்து பார்த்தார்.
முகம் சுளித்தார்.
இன்னொரு முறை மோந்தார்.
பிறகு அவர் கிட்டே வருவதை அறிந்து
விளக்குக் காட்டிய வண்டியில் ஏறி
பூனை போல் கரையேறிப் போனார்.

"ரெண்டில் எது நல்ல வண்டி?"
என்றான் ரொட்டிக்காரன், கடைசியாக நகர்ந்துகொண்டே.
எனக்கு ஆறு ஐம்பதுக்குத் திரும்பப் போக வேண்டும்.
ராத்திரிக்குள் இன்னும் ரெண்டு ஆப்பு சீவ வேண்டும்.
ஈரத்தில் பிர்ச் சீக்கிரம் பிளந்துவிடுகிறது.