இல்லை என்பதற்கு ஐந்து டாலர்

கெல்டன் கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளம்.
என் ஜன்னலில் தெரிவது
வண்டிச் சக்கரங்கள் மட்டும்.
எந்தச் சக்கரம் யாருடையது என்பது எனக்குத் தெரியும்.
மொத்தமே ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்,
எல்லோரும் ஒரே கடையில் டயர் வாங்குகிறவர்கள்.

அவள் வந்தது இரவல் டிரக்கில்.
அதனால் படியிறங்கி முகம் காட்டும்வரை
ரோவீனா ஸ்டுக்கி என்று தெரியவில்லை.

நூற்றைம்பது மைல் தள்ளி ஒரு வக்கீல்,
போனில் அரை மணி நேரம் இலவசம்,
அவனுடைய குற்றப் பதிவை வாங்கி வா என்றாராம்.
படிவத்தை நீட்டினேன்.
முழுப்பெயர், பிறந்த தேதி, தெரிந்தால் வழக்கு எண்.
கோரிக்கையின் நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அது கட்டாயமில்லை என்றேன்.
விட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டபின்
மேலே போய்
"பிள்ளைகள்" என்று எழுதினாள்,
கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே.

பெயர்: டுவைட் ஆலன் ஸ்டுக்கி.
என் அண்ணனின் வைக்கோல் பற்றியபோது
தீயணைப்பு வண்டியிலிருந்து முதலில் குதித்தவன்.

தொண்ணூற்றெட்டுக்குப் பின் கணினி.
அதற்கு முன் பேரேடு.
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்தவை அவை,
பிரித்தால் ஓரம் நொறுங்கி மடியில் உதிரும்.
ஸ்டுக்கிகள் இருந்தார்கள்.
திருட்டுத்தனமாய்ச் சாராயம் காய்ச்சிய ஒருவர்,
அடுத்தவன் கோதுமையில் மாட்டை விட்ட ஒருவர்,
வேட்டைக் காலம் தொடங்க ஒரு நாள் முன்பே மானைச் சுட்ட
டுவைட்டின் அப்பா, அபராதம் நாற்பது டாலர்.
டுவைட் இல்லை.

முத்திரை குத்தினேன்.
"பதிவு எதுவும் இல்லை."
நல்ல நீல மை. வட்டத்துக்குள் ஒரு கோதுமைக் கதிர்.

ஐந்து டாலர் என்றேன்.
இல்லை என்பதற்குமா என்றாள்.
தேடியதற்கு என்றேன்.
நான்கு ஒற்றை நோட்டுகள்,
ஐந்தாவது டாலர் சில்லறையில்.

பிறகு சொன்னாள், என்னிடம் இல்லை, முத்திரையிடம்:
பதினோரு தடவை வந்தார்கள்.
பதினோரு தடவையும் ஷெரிஃப் பொல்லார்ட்
அவனை வெளியே கூட்டிப் போய்
கார் பானட்டில் சாய்ந்தபடி பேசினார்.
ஒருமுறை இருவரும் சிரித்தார்கள்.
சமையலறைக்குக் கேட்டது.

சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
கண்ணாடியில் அப்படி ஓர் அட்டை இருக்கிறது,
ஒட்டியதே நான்தான்.
எனவே ஆலோசனை சொல்லவில்லை.
வியாழக்கிழமை ஷெரிஃப் கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போய்விடுவார்,
மேசையில் ஆர்டிஸ் இருப்பாள் என்றேன்.
இது அலுவலக நேரம் பற்றிய தகவல்.
அழைப்பேடு என்று ஒன்று உண்டு,
அது குற்றப் பதிவில் சேராது,
அதற்கு வேறு படிவம், பச்சை நிறம்.
கைது செய்தாலும் செய்யாவிட்டாலும்
போன் அடித்த நிமிடம், கார் கிளம்பிய நிமிடம்,
திரும்பிய நிமிடம்,
மூன்றையும் ஆர்டிஸ் எழுதிவிடுவாள்.
ஆள் பெயரில் தேடினால் அதில் ஒன்றும் வராது.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள் என்றேன்.

ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்
தன் வீட்டு முகவரியையே,
மறந்துபோகக் கூடியதுபோல:
கவுண்டி சாலை பதினான்கு, வெள்ளைத் தபால்பெட்டி.

மேலே போய்விட்டாள். டிரக் வெகுநேரம் கிளம்பவில்லை.
சேறு காய்ந்த சக்கரங்களைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தேன்.

அழைப்பேட்டில் இன்னொரு பத்தி உண்டு,
அதை நான் சொல்லவில்லை. அழைத்தவரின் எண்.
பதினொன்றில் ஒன்று, போன நவம்பர், இரவு இரண்டு பத்து,
பெயர் கேட்டதும் வைத்துவிட்ட அழைப்பு,
வேலிக்கு இந்தப் பக்கமிருந்து,
விளக்குப் போடாத என் சமையலறையிலிருந்து.
மற்ற இரவுகளில் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

வியாழனன்று அவள் அதைப் படிப்பாள்.
வெள்ளிக்குள் பொல்லார்டும்.

டிரக் கிளம்பியது.
பின்சக்கரம் ஒன்றில் காற்று குறைவு.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.