வாரிசுச் சான்றிதழ்

ராத்திரி இரண்டரைக்கு வந்தது,
வலது கால் கட்டைவிரல் மூட்டில்.
போர்வை நுனி பட்டதற்கே கத்திவிட்டேன்.
பக்கத்துப் போர்ஷனில் விளக்கு எரிந்தது.

காலையில் ஆரப்பாளையம் லேபில்
யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நான்கு.
'அப்பாவுக்கு இருந்ததா?' என்றார் டாக்டர்.

அப்பா
சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருந்தவர்.
எங்கள் வீட்டுக்குச் செவ்வாய் மட்டும் வருவார்,
கட்டைவிரல் பக்கம் தோலை வெட்டியெடுத்த
செருப்போடு.
உயிலில் எங்கள் பெயர் இல்லை.
'இவரை யாரென்றே தெரியாது' என்றான் கோர்ட்டில்
மூத்தவள் மகன் சோலைராஜ்.

மருந்துக்கடை வரிசையில் அவனே நின்றான்.
இடது காலில் ஷூ,
வலது காலில் பாத்ரூம் செருப்பு.
என் காலைப் பார்த்தான்.
அவன் காலைப் பார்த்தேன்.
ரொம்ப நேரம் யார் கண்ணும் மேலே ஏறவில்லை.

'ஈரல், குடல் குறைச்சுக்க. பீர் ஆகாது.
தண்ணி நிறைய குடி.
வலி போச்சேன்னு மாத்திரைய நிறுத்திராத,
நான் நிறுத்தித்தான் இப்படி'
என்றான், என்னிடமில்லை,
கையிலிருந்த சீட்டிடம்.

சேர்ந்த உப்பை வெளியே விட மனசில்லாத
சிறுநீரகமாம். வம்சவழியாம்.
சாப்பாட்டின் மேல் மட்டும் பழிபோட முடியாதாம்.
அப்பாவின் கல்லாப்பெட்டி,
வேறென்ன.

கடை வாசலில் மூன்று படி,
பிடிக்க ஒரே கம்பி.
அவன் கொஞ்சம் நகர்ந்து நின்றான்.
அந்த வீட்டுக்குள் ஒருநாளும் வைக்காத
வலது காலை
முதலில் எடுத்துவைத்து
இறங்கினேன். அவனும்.