ஈர மாவு

கார்த்திகைக்கு முதல் நாள் மில்லுக்குப் புது பெல்ட் மாட்டினேன்.
கண்டனூர் முழுக்க அகல் எரிய
என் பல்பு மட்டும்
மாவுப் புகைக்குள் மங்கலாய் இருந்தது.
தீபத்துக்குப் பொரிக்காரர்களுக்குத்தான் யோகம்.
எனக்கு மாவிளக்கு அரிசி மூன்று டப்பா.

அதிலிருந்து இழை எண்ணுகிறார்கள் நகரத்தார் வீடுகளில்.
கோடி வேட்டியில் நாளுக்கு ஒரு நூல்,
இருபத்தொன்று சேர்ந்தால் ஒரு திரி.
எனக்கும் எண்ணிக்கை உண்டு.
நூல் இல்லை, டப்பா.

மார்கழி பிறந்ததும் நாலரைக்கே ஒலிபெருக்கி.
பெருமாள் கோயில் பாட்டும் சிவன் கோயில் பாட்டும்
என் தகரக் கூரையில் மோதி
எந்தச் சாமிக்கும் சேராத மூன்றாவது பாட்டாகும்.
அது முடிவதற்குள் கல்லைக் கொத்தி முடித்திருப்பேன்.

முகம் எனக்கு மறக்கும், எடை மறக்காது.
உமையாள் ஆச்சி வீட்டிலிருந்து நாலு கிலோ வந்தால்
டல்லாஸ் பேரன்கள் இறங்கிவிட்டார்கள்.
வளவு வீட்டிலிருந்து இரண்டு டப்பா வந்து
இரண்டிலும் ஒரே பெயர் எழுதியிருந்தால்
மாமியாரும் மருமகளும் பேசவில்லை.

சஷ்டியும் சதயமும் கூடும் நாளுக்கு முந்தின காலை
அடைக்கம்மை வந்தாள், இழைமாவுக்கு.

போன வருஷம் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:
"எனக்கு இந்தத் தடவை ரெண்டு இழை!"
வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து
ஒன்று கூட விழுங்குவது அவர்கள் வழக்கம்.
தையில் அவள் வரவில்லை.
கொழுந்தன் வந்து, "கொஞ்சம் போதும்" என்றான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
மில் ஓடிக்கொண்டிருந்தது, அது ஒரு வசதி.

இந்த வருஷம் அவள் வாய் திறக்கவில்லை.
மூடியில் அதே பென்சில் எழுத்து.
தராசில் சிவப்பு எண் நின்றது,
வழக்கத்தைவிட இருநூறு கிராம் கூட.
நான் எண்ணைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
"ஈரம்" என்றாள், "நிழல்ல சரியா உணரல."
"ஈரந்தான்" என்றேன்.

அரைத்து முடித்ததும்
இடுப்பில் டப்பாவை ஏற்றிக்கொண்டு நடக்கிறவள்
வாசலில் நின்று ஆட்டோக்காரனைக் கூப்பிட்டாள்,
தூக்கி வைக்க.

மறுநாள் விளக்கு வைத்த நேரம் தெரு முழுக்க நெய் வாசம்.
கதவுக்கு உள்ளே நடப்பது எனக்குக் கேள்விதான்:
ஆவாரம்பூ, ஐந்து வகைப் பொரி,
மாவில் ஒரு குழி, குழியில் திரி, திரியில் தீ,
தீயோடு வாய்க்குள்.
நாக்கில் அணையுமா, தொண்டை தாண்டி அணையுமா
என்று இத்தனை வருஷத்தில் ஒருவரையும் கேட்டதில்லை.
அன்று கேட்கத் தோன்றியது.
பத்து மணிக்கு மேலும்
காதில் மாவைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏகாதசிக்கு மில் தூங்கியது.
துவாதசிக்கு யாரோ ஒரு கட்டு அகத்திக்கீரையை
வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
திருவாதிரைக் களிக்கு வறுத்த அரிசி நொய்யாக உடைய வேண்டும்,
மாவாகிப் போனால் ஊரே திட்டும்.
மேல் கல்லை ஒரு நூல் தூக்கி வைத்தேன்.
ஒரு நூல் என்பது எவ்வளவு என்று
எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

போகிக்குக் காலையில் டயர் நாற்றம்.
ஆட்டோக்காரன் ஒரு டப்பாவோடு வந்தான்.
"நடுவீட்டுக் கோலத்துக்குப் பச்சரிசி,
அவுக வரல, வெளிய வரக் கூடாதாம்."
"உடம்புக்கா?"
"நல்லாத்தான் இருக்காக. டாக்டர் சொல்லியிருக்கு."

எடை போட்டேன்.
பிறகு என் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி
அதில் அள்ளிப் போட்டேன்.
நோட்டில் எழுதவில்லை.

அடுத்து கம்பு.
கம்புக்கு முன்னால் கல்லைத் துடைக்க வேண்டும்,
இல்லையென்றால் வெள்ளை ஒட்டிக்கொள்ளும்.